கல்லில் இரண்டாவது பெயர்

பழங்காநத்தத்தில் பெயிண்டர் பாண்டிராஜைத் தெரியாது என்று ஒருவர் சொன்னால், ஒன்று அவர் நேற்றுக் குடிவந்தவராக இருக்க வேண்டும். இல்லையென்றால் பாண்டிராஜிடம் வாய் கொடுத்து மாட்டிக்கொண்டு, இனி இந்த ஆள் சங்காத்தமே வேண்டாம் என்று ஒதுங்கியவராக இருக்க வேண்டும். வயது ஐம்பத்திரண்டு. ஒல்லியான தேகம். சட்டையில் எத்தனை நிறம் ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் அந்த மாதம் எத்தனை இடத்தில் வேலை பார்த்தார் என்று சொல்லிவிடலாம். பள்ளிக்கூடச் சுவர், பால் வண்டி, டீக்கடைப் பலகை, எதைக் கொடுத்தாலும் எழுதுவார், படமும் போடுவார். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு பிழைப்பு எப்படி ஓடுகிறது என்று அக்கறையாக விசாரித்தவர்களுக்கெல்லாம் அவர் வைத்திருந்த பதில் ஒன்றுதான்: ஃப்ளெக்ஸ் ஒரு மழைக்கு, என் எழுத்து உன் பேரன் கல்யாணத்துக்கு. தன்னைத் தானே மெச்சிக்கொள்ளுமாம் தவிட்டுக் கொழுக்கட்டை என்பாள் அவர் மனைவி முத்துமீனா. அதற்கெல்லாம் அவர் அசருகிற ஆள் இல்லை. மெச்சுகிற மாதிரி இருந்தால் மெச்சத்தானே வேண்டும் என்பார்.

உசிலம்பட்டிக்கு மேற்கே மானம் பார்த்த பூமியில் பிறந்தவர். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் களை வெட்டினார்கள். ஒன்பதாவதோடு படிப்பை விட்ட பாண்டிராஜ், தேர்தல் சமயத்தில் சுவர் எழுத வந்தவர்களிடம் பிரஷ்ஷை வாங்கி, அவர்கள் கட்சிச் சின்னத்தை அவர்களைவிட நன்றாக வரைந்து காட்டி, அவர்களோடேயே மதுரைக்கு பஸ் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு அவர் வேலை தேடிப் போனதில்லை. வேலைதான் அவரைத் தேடி வந்தது.

அக்டோபர் கடைசி வாரம் மட்டும் வேறு வேலைக்குக் கூப்பிட்டால் வரமாட்டார். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அதற்குள் கிறிஸ்தவக் குடும்பங்கள் தங்கள் வீட்டுக் கல்லறைகளைக் கழுவி, வெள்ளையடித்து, பெயரைப் புதிதாக எழுதிவைத்துவிடுவார்கள். அன்றைக்குப் பூவும் மெழுகுவர்த்தியுமாகக் கல்லறைத் தோட்டம் பார்க்கிற மாதிரி இருக்கும். திருநீறு பூசிய நெற்றியோடு பாண்டிராஜ் கல்லறைக்குக் கல்லறை குந்தி உட்கார்ந்து, உப்புத்தாளால் கல்லைத் தேய்த்து, நூல் பிடித்துக் கோடு போட்டு, கறுப்பு எனாமலில் பெயர் எழுதுவார். மற்ற பெயிண்டர்கள் பத்துக் கல்லறை முடிக்கிற நேரத்தில் அவர் நான்குதான் முடிப்பார். கேட்டால், செத்தவர்களுக்கு என்ன அவசரம் என்பார்.

2012இல் அப்படி ஒரு கல்லுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது, வெள்ளைத் தொப்பியும் காதில் மெஷினுமாக ஒரு பெரியவர் வந்து நின்றார். பெயர் இன்னாசிமுத்து. வாடிப்பட்டிக்காரர், மிஷன் பள்ளி வாத்தியார் மகன். 1974இல் கப்பலில் ஃபிட்டராகப் போனவர் ஜெர்மனியில் ஹாம்பர்க் துறைமுகத்தில் இறங்கி, அங்கேயே வேலை பார்த்து, அங்கேயே தங்கிவிட்டார். மகளும் அங்கேதான் பிறந்தாள். மனைவி ஆரோக்கியம் நான்கு வருடங்களுக்கு முன்பு ஊர் பார்க்க வந்த இடத்தில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்து, இந்தத் தோட்டத்தில் அடக்கமாகியிருந்தாள். கல்லில் அவள் பெயரை யாரோ ஒரு மகராசன் இடம் போதாமல் இரண்டு வரியாக உடைத்து எழுதியிருந்தார். அதைப் பார்த்ததும் பாண்டிராஜுக்குப் பொறுக்கவில்லை. கேட்காமலேயே சுரண்டி எடுத்துவிட்டு, ஒரே வரியில், ஓர் எழுத்து கூடக் குறைய இல்லாமல் நடுவில் நிற்கிற மாதிரி எழுதினார். பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டு அழுதார். போகும்போது விலாசம் எழுதிய சீட்டு ஒன்றைக் கொடுத்து, வருடா வருடம் இதைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்.

பாண்டிராஜ் பார்த்துக்கொண்டார். பார்த்துக்கொண்டேன் என்று தெரிவிக்க ஒரு கடிதமும் போட்டார். பெரியவருக்குக் காது மந்தம், போனில் பேசினால் பாதி விழாது, அதனால் கடிதம்தான் தோது. மேலே விலாசத்தைப் பிரஷ்ஷால் எழுதி, உள்ளே இரண்டு பக்கம் பேனாவால் எழுதி, ஓரத்தில் ஒரு படமும் போட்டு அனுப்பினார். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. பதிலுக்குப் பதில் என்று போய், வருடத்துக்கு ஒன்றாக இருந்தது மாதத்துக்கு ஒன்றானது. வாடிப்பட்டிப் பள்ளிச் சுவரில் தான் வரைந்த சனிக்கிரகத்தைப் பார்த்துத் தலைமையாசிரியை இட்லித் தட்டு மாதிரி இருக்கிறது என்று சொன்னதைப் பாண்டிராஜ் ஒன்றரைப் பக்கத்துக்குக் கோபமாக எழுதினார். பெரியவர் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, அந்த அம்மா சொன்னது சரிதான் என்று பதில் போட்டார். நான்காவது மாடி ஜன்னலில் கறிவேப்பிலைச் செடி வளர்க்கப் படுகிற பாட்டைப் பெரியவர் எழுதினார். செடிக்குக் குளிராது, உங்களைப் பார்த்துத்தான் நடுங்குகிறது என்று இவர் எழுதினார். இருவருக்கும் இருபத்தாறு வயது வித்தியாசம். ஆனாலும் தன்னிடம் இந்த அளவு சண்டை போடுகிற, சண்டை போட்டுவிட்டு மறுபடி எழுதுகிற ஆள் வேறு யாரும் இல்லை என்று பாண்டிராஜ் முத்துமீனாவிடம் பெருமையாகச் சொல்வார்.

ஒரு கடிதத்தில் பெரியவர் மனைவியின் கதையை எழுதினார். ஆரோக்கியம் ஞானஸ்நானத்தில் வைத்த பெயர். பிறந்தபோது அவள் செல்லக்கிளி. உசிலம்பட்டிப் பக்கம், பாண்டிராஜைப் போலவே கூலி வேலைக் குடும்பம். மிஷன் ஆஸ்பத்திரியில் வேலைக்கு வந்த இடத்தில் இருவருக்கும் பிடித்துப்போய்க் கல்யாணம் செய்துகொண்டார்கள். அன்றைக்கே அவள் வீட்டில் மகள் செத்துவிட்டாள் என்று தலைமுழுகிவிட்டார்கள். நிஜமாகவே செத்தபோதும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குஞ்சு வரவில்லை. இதைப் படித்த அன்று பாண்டிராஜ் வேலைக்குப் போகவில்லை. வயிறு எரிகிறது என்று வெளிப்படையாகவே சொன்னார்.

இப்படியே பன்னிரண்டு வருடம் ஓடியது. 2024 ஜூனில் வந்த கடிதத்தில்தான் வினை இருந்தது.

கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லை. பதினைந்து வருடத்துக்கு மேல் ஆன, உள்ளூரில் உறவு யாரும் இல்லாத குழிகளைத் திறந்து வேறு ஆட்களுக்குக் கொடுப்பது என்று கல்லறைக் கமிட்டி முடிவெடுத்து, பெரியவருக்கும் கடிதம் அனுப்பியிருந்தது. அப்படிப் போகாமல் இருக்க வேண்டுமானால் அதைக் குடும்பக் கல்லறையாகப் பதிய வேண்டும். உறவுக்காரர் ஒருவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், இரண்டாவது அடக்கமாகப் போகிறவரின் பெயர் நவம்பர் இரண்டுக்குள் கல்லில் இருக்க வேண்டும். பெரியவர் எழுதியிருந்தார்: “எனக்கு எழுபத்தெட்டு ஆகிறது. அவளுக்குப் பக்கத்தில் படுக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை ஒன்றும் மிச்சமில்லை. கையெழுத்துக்கு நான் செப்டம்பரில் வருகிறேன். என் பெயரை மட்டும் இப்போதே எழுதிவிடுங்கள்.”

கிறிஸ்தவர்களுக்கு இது சாதாரணம். கணவன் போனதும் மனைவி பெயரையும் சேர்த்து வெட்டி, தேதிக்கு மட்டும் இடம் விட்டுவைக்கிற குடும்பங்கள் எத்தனையோ உண்டு. ஆனால் பாண்டிராஜ் உயிரோடு இருக்கிற ஆள் பெயரைக் கல்லறையில் எழுத மாட்டார். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு முறை ஓர் அம்மாளுக்கு எழுதினார். அந்த அம்மாள் நாற்பது நாளில் போய்விட்டார். எண்பத்தொன்பது வயது, படுத்த படுக்கை, எழுதாவிட்டாலும் போயிருப்பார்தான். புத்திக்கு அது தெரிகிறது, கைக்குத் தெரியவில்லையே! அன்றிலிருந்து எத்தனையோ பேர் கேட்டும் ஒருவருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை.

அப்படியே பதில் போட்டார். ஐயா, நீங்கள் நூறு வயது இருக்க வேண்டியவர், என் கையால் அதை எழுத மாட்டேன், அவசியம் என்றால் சோணையை வைத்து எழுதிக்கொள்ளலாம் என்றார். சோணை அந்தத் தோட்டத்தில் வேலை பார்க்கிற இன்னொரு பெயிண்டர்.

பெரியவருக்கு வந்ததே கோபம். அவருடைய பதில் ஆறே வரி. “பன்னிரண்டு வருஷமாக அவள் பெயரை எழுதியது உங்கள் கை. பக்கத்தில் என் பெயரை வேறொருவர் எழுதுவதா? தாங்கள் என்னை நண்பன் என்று எழுதுவதெல்லாம் கடிதத்தோடு சரி என்று புரிந்துகொண்டேன். வணக்கம்.” தாங்கள் என்று அவர் எழுதினால் கோபத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். பாண்டிராஜ் இரண்டு கடிதம் போட்டுப் பார்த்தார். பதில் இல்லை. செப்டம்பர் வந்தது, பெரியவர் வரவில்லை. அக்டோபரும் பாதி போனது.

அந்தக் கிழவர் என்ன ஆனாரோ என்ற பயம் ஒரு பக்கம். வீம்பு பிடித்து ஒரு மனுசனின் கடைசி இடத்தைப் பறித்துவிட்டோமே என்ற குற்றவுணர்ச்சி ஒரு பக்கம். போதாக்குறைக்கு, வரிசையில் முதல் மூன்று குழிகளுக்குச் சுண்ணாம்பில் அடையாளம் போட்டுவிட்டார்கள். ஆரோக்கியத்தின் கல் ஐந்தாவது.

இருபத்தெட்டாம் தேதி காலையில் குளித்து, கறை இல்லாத சட்டை போட்டுக்கொண்டு கல்லறைத் தோட்ட அலுவலகத்துக்குப் போனார். பதிவேடு எழுதுகிற பிலோமினா அவரைப் பல வருடமாகத் தோட்டத்தில் பார்த்துப் பழகியவர். ஐந்தாம் நம்பரைக் குடும்பக் கல்லறையாகப் பதிய வேண்டும், கையெழுத்துப் போட வந்திருக்கிறேன் என்றார் பாண்டிராஜ். உறவுக்காரர்தான் போடலாம் என்றார் பிலோமினா.

“நான் ஒறவுதாம்மா. அது எங்க அக்கா.”

பிலோமினா கண்ணாடியை இறக்கிவிட்டு அவர் நெற்றியிலிருந்த திருநீற்றைப் பார்த்தார். பாண்டிராஜ் பார்வையைத் தாழ்த்தவில்லை. அக்காவின் பெயர் முதலில் செல்லக்கிளி, உசிலம்பட்டிப் பக்கம், கல்யாணத்துக்காக வேதத்தில் சேர்ந்தது, வீட்டில் தலைமுழுகிவிட்டார்கள் என்று கடகடவென்று சொன்னார். ஒவ்வொன்றும் உண்மை. அக்கா என்ற ஒரு சொல்தான் பொய். அதுவும் அந்த அறையில் நின்று சொன்னபோது அவருக்குப் பொய்யாகத் தோன்றவில்லை. கூலி வேலைக்குப் போன வீட்டில் பிறந்து, எங்கேயோ போய், தன் சனம் ஒன்றுகூட இல்லாமல் மண்ணுக்குள் போனவளுக்கு ஒரு தம்பி இருந்தால் யாருக்கு நட்டம்?

“பன்னெண்டு வருசமா நவம்பர் ரெண்டுக்கு அந்தக் கல்லுக்கிட்ட ஒங்களைத் தவிர ஒரு ஆளையும் நான் பாக்கலை,” என்றார் பிலோமினா. “தம்பின்னே எழுதிக்கிறேன். ஆனா பேரு கல்லுல இருக்கணும். ரெண்டாம் தேதி காலையில கமிட்டி ஆளுக பாக்க வருவாக.”

கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவர் நடந்ததை முத்துமீனாவிடம் ஒப்பித்தார். பாதி வேலை ஆயிற்று, மீதியைச் சோணையிடம்தான் கொடுக்க வேண்டும் என்றார். சோணையின் எழுத்து ஒவ்வொன்றும் வயிறு உப்பி நிற்கும். அதை ஆரோக்கியத்தின் பெயருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே அவருக்கு மனம் வரவில்லை. முத்துமீனா கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தவள், சட்டென்று சிரித்துவிட்டாள்.

“அந்தம்மா ஒங்களுக்கு அக்கான்னா, அவரு ஒங்களுக்கு மச்சான்ல? மச்சானைக் கேலி பேசினா எந்தச் சாமி கோவிச்சுக்கும்?”

பாண்டிராஜ் அவளையே பார்த்தார். முத்துமீனாவின் தம்பி நல்லகாமன் கருமாத்தூரிலிருந்து வரும்போதெல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்கிற கேள்வி, என்ன மச்சான், இன்னும் இருக்கீகளா, மூங்கில் வெட்டச் சொல்லவா என்பதுதான். போன பொங்கலுக்கு இவர் போட்டோவுக்கு மாலை போட்டுவிட்டு, ஊதுபத்தியும் கொளுத்திவிட்டுத்தான் கறிச்சோற்றில் கை வைத்தான். வீடே சிரித்தது. இவரும் சிரித்துக்கொண்டே இரண்டாவது தடவை சோறு வாங்கினார். இருபத்தாறு வருடமாக அவன் பாடை கட்டுகிறான், இவருக்கு ஒரு தலைவலி வந்ததில்லை. அயலான் சொன்னால் சாபம். முறைக்காரன் சொன்னால் கேலி. கேலிக்கு எமன் காது கொடுப்பதில்லை. மதுரைச் சீமையில் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த இந்த நியாயம் தனக்கு இத்தனை நாள் உறைக்கவில்லையே என்று அவருக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

அன்று மத்தியானமே நாலாம் நம்பர் பிரஷ்ஷும் கறுப்பு டப்பாவுமாகத் தோட்டத்தில் இருந்தார். கல்லைத் தேய்த்தார், நூல் பிடித்தார். பிரஷ்ஷைத் தொட்டு எடுத்தவர் கல்லுக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்திவிட்டார். அப்போது, சுற்றுமுற்றும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, கல்லைப் பார்த்துச் சத்தமாகவே பேசினார். என்ன மச்சான், பொண்டாட்டி பக்கத்துல இப்பவே துண்டு போட்டு இடம் பிடிக்கிறீகளா, டவுன் பஸ்ஸுன்னு நெனச்சீகளா என்றார். சொன்னதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே பிரஷ்ஷைக் கல்லில் வைத்தார். இன்னாசிமுத்து என்ற பெயர், ஆரோக்கியத்தின் பெயருக்குச் சமமான உயரத்தில், அதே கையால், ஒரே மூச்சில் கல்லில் ஏறியது. அதற்குக் கீழே பிறந்த தேதியை எழுதினார். மறைவு என்ற சொல்லை எழுதவில்லை. அந்த இடத்தில் வெறும் கல்தான் இருந்தது. இரண்டாம் தேதி வந்த கமிட்டிக்காரர்கள் அதைப் பார்த்து நோட்டில் டிக் அடித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்கள்.

பிலோமினாவை ஒரு போட்டோ எடுக்கச் சொல்லி, கல்லுக்குப் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்றுகொண்டார். அதை ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டுக் கடிதத்தோடு வைத்தார். பன்னிரண்டு வருடமாக மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கிய கை, அன்றைக்கு மச்சானுக்கு என்று தொடங்கியது. நடந்ததை நடந்தபடி எழுதி, கேட்காமல் முறை கொண்டாடியதற்குக் கோபம் இருந்தால் நேரில் வந்து திட்டும்படி கேட்டிருந்தார். ஆள் உயிரோடுதான் இருக்கிறாரா என்று தெரியாமலேதான் பெட்டியில் போட்டார்.

ஜனவரியில் பொங்கலுக்கு முந்தின நாள் பதில் வந்தது. உறையின் மேல் எழுத்து கோணல்மாணலாக இருந்தது. பாண்டிராஜ் அதைத் தெருவில் நின்றபடியே கிழித்தார்.

“மாப்ள,

செப்டம்பரில் டிக்கெட் எடுத்திருந்தேன். கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பு குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. இரண்டரை மாதம் ஆஸ்பத்திரி. உன் மேல் கோபம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எழுதாததற்கு அது காரணமில்லை.

என் மகள் ஆன்சி நல்ல பிள்ளைதான். அவள் கேட்டாள்: அப்பா, உங்களை மதுரைக்குக் கொண்டுபோனால் அங்கே வாங்கிக்கொள்ள யார் இருக்கிறார்கள்? எனக்கு அந்த ஊரில் ஒரு மனுஷரைத் தெரியாதே, இங்கேயே ஓர் இடம் பார்த்துவிடலாமா என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். படிவம் வந்து மேஜை மேல் இருந்தது. கையெழுத்துப் போடுவதாக இருந்த வாரத்தில் உன் கடிதம் வந்தது.

போட்டோவைப் பார்த்து, இது யார் என்றாள். உன் அம்மாவோடு பிறந்தவன், உனக்குத் தாய்மாமன் என்றேன். நாற்பத்துநான்கு வயதில் அந்தப் பிள்ளை முதல்முறையாகத் தன் தாய்மாமனைப் பார்த்தது. வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் படிவத்தை எடுத்துப் போய்க் குப்பையில் போட்டுவிட்டாள்.”

கீழே கையெழுத்து இருந்தது. பாண்டிராஜ் தெருவிலேயே நின்று அழுதார். பால் வாங்கப் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும், அவர் முகத்தைக்கூடத் துடைத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்குள் வந்து, முத்துமீனாவுக்கு ஒரு தடவை படித்துக் காட்டிவிட்டு, உடனே பதில் எழுத உட்கார்ந்தார். நாலே வரிதான் எழுதினார்.

“மச்சானுக்கு,

இடம் பத்திரமா இருக்கு, ஒரு பய அசைக்க முடியாது. ஆனா ஒண்ணு சொல்லிப்புட்டேன். பெட்டிக்குள்ள படுத்துக்கிட்டு வந்தீகன்னா நான் கையெழுத்துப் போட்டு வாங்க மாட்டேன், திருப்பி அனுப்பிச்சுருவேன். என் மருமக கையப் பிடிச்சுக்கிட்டு, நடந்து வாங்க.”